பினாங்கில் கையைக் கடிக்காத கோல்ஃப்

"அண்ணே, பினாங்குல சல்லிசா எங்க கோல்ஃப் ஆடலாம்?" என்று கேட்கிறவர்கள் ஒரு மைதானத்தின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். நானோ பதிலுக்குக் கேள்வி கேட்பேன். என்றைக்கு? எத்தனை மணிக்கு? கூட யார் யார் வருகிறார்கள்? இது மூன்றும் தெரியாமல் பெயரை மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்லை. சனிக்கிழமை காலையில் யானை விலை குதிரை விலை சொல்லும் அதே மைதானம்தான் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வாங்க வாங்க என்று கூப்பிடுகிறது.

போட்டிக்கு ஆடுகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. ஹேண்டிகேப்பை, அதாவது எவ்வளவு சுமாராக ஆடுகிறோம் என்று காட்டும் எண்ணை, குறைக்க ராப்பகலாகப் பாடுபடுகிறவர்கள் அவர்கள் பாட்டுக்கு ஆடட்டும். நாலு பேர் சேர்ந்து போய், பேசிக்கொண்டே ஆடி, நடுவில் ஒன்றிரண்டு நல்ல அடி விழுந்தால் அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரியும் ஆட்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கூட்டம் அப்படிப்பட்டதுதான். ஒருவர் லோரி வைத்திருக்கிறார். அவர் அடிக்கும் பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாது, ஆனால் தூரம் போகும். இன்னொருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நூற்றைம்பது கெஜத்துக்கு மேல் அடிக்க மாட்டார், அடிப்பது நேராகப் போகும். மூன்றாமவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி. ஆட ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை, முகத்தில் இன்னும் பயம் இருக்கிறது.

பொது மைதானம் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, நம் பக்கத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை உறுப்பினர் கிளப்புகள், இல்லையென்றால் ரிசார்ட்டுகள். ஸ்காட்லாந்தில் கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானமே பொதுச் சொத்து. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு புல்லில் நடந்து போவார்கள். நமக்கு இந்த ஆட்டம் வந்து சேர்ந்த வழி வேறு. தோட்டத்துத் துரைமாரும் அரசாங்க அதிகாரிகளும் ஆடினார்கள், நம் ஆட்கள் பை தூக்கினார்கள், பந்து பொறுக்கினார்கள். பிற்பாடு எம். ராமையா, பி. குணசேகரன் போன்றவர்கள் மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் எடுத்தது வேறு கதை, பெருமையான கதை. ஆனால் கிளப்பின் கதவு என்னவோ உறுப்பினர் கையிலேயே இருந்தது. இன்றைக்கு அந்தக் கதவு நமக்குத் திறக்கிறது என்றால், உறுப்பினர் வராத நேரத்தில் புல் வெட்டுகிற செலவை யாராவது கட்ட வேண்டும் என்பதால்தான். அதைப் புரிந்துகொண்டால் விலையும் புரிந்துவிடும். உறுப்பினர் எந்த நேரத்தில் வர விரும்ப மாட்டாரோ, அந்த நேரம்தான் நமக்கு மலிவு.

கோலாலம்பூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். கோத்தா டாமன்சாராவில் இருக்கும் ஸ்ரீ சிலாங்கூர் பொது மைதானம் என்றே பெயர் எடுத்தது. செந்தூலில்கூட ஒரு காலத்தில் ரயில்வேயின் கோல்ஃப் மைதானம் இருந்தது. ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் குடியிருந்த வட்டாரத்தின் நடுவில் அப்படி ஒரு புல்வெளி. இப்போது அது பூங்கா. நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரியும், 2005இல் திறந்த கலையரங்கம் அந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது.

பினாங்குக்கு வருவோம். தீவில் இருக்கிறவர்களுக்குத் தேர்வு குறைவு. புக்கிட் ஜம்புலில் பினாங்கு கோல்ஃப் கிளப் இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் புக்கிட் ஜம்புல் கண்ட்ரி கிளப் என்றுதான் சொல்வார்கள். ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்தது, மலைச்சரிவை வெட்டிப் போட்டது. அழகு என்றால் அழகு. ஆனால் ஏற்ற இறக்கத்தில் பந்தை அடிக்கப் பழகாதவருக்கு, ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் வைத்து நிற்பதே பெரிய வேலையாகிவிடும். பத்து காந்தோங்கில் குதிரைப் பந்தய வளாகத்திலேயே ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. 1864இல் தொடங்கிய அந்தப் பந்தயக் கிளப்பைக் கலைத்துவிடலாம் என்று உறுப்பினர்கள் 2024இல் வாக்களித்தார்கள். 2025 மே 31ஆம் தேதியோடு குதிரை ஓட்டமும் நின்றது. அதனால் அதை நம்பி நான் யாருக்கும் திட்டம் போட்டுக் கொடுப்பதில்லை.

ஆக, பாலம் தாண்ட வேண்டும். பெருநிலத்தில் சுங்கை ஜாவி பக்கம் புக்கிட் ஜாவி, கெப்பாலா பத்தாஸ் பக்கம் பெர்தாமில் பினாங்கு கோல்ஃப் ரிசார்ட், மாநில எல்லையைத் தாண்டினால் கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் மைதானங்கள். எனக்குப் புக்கிட் ஜாவி மேல் ஒரு சாய்வு உண்டு. காரணம் எளிது: அங்கே ஹில், லேக் என்று இரண்டு மைதானம், மொத்தம் 36 குழி. ஏதாவது ஒரு நிறுவனம் போட்டி வைத்து ஒரு மைதானத்தை முழுசாக எடுத்துக்கொண்டாலும் இன்னொன்றில் இடம் கிடைக்க வழி இருக்கும். ஒரே ஒரு 18 குழி உள்ள இடத்தில் அன்றைக்குப் போட்டி என்றால் கதை முடிந்தது.

இரண்டாவது பாலம் 2014இல் திறந்த பிறகு தீவின் தென்பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் போவது சுலபமாகிவிட்டது. பாலம் 24 கிலோமீட்டர், கடல் காற்று, லோரி நெரிசல் குறைவு. டோல் உண்டு, தீவுக்குள் வரும்போது மட்டும். பழைய பாலத்துக்கும் அதே ஏற்பாடு. இந்த டோலையும் ஆட்டச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஒரே காரில் போனால் தலைக்கு இரண்டு வெள்ளிகூட (ரிங்கிட்) ஆகாது. ஆனால் எங்கள் லோரிக்காரர் தன் காரைத் தவிர வேறு காரில் ஏற மாட்டார். அது அவர் கொள்கை.

இனி விலைப் பலகை. பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது கிரீன் ஃபீ, மைதானத்தில் ஆடுவதற்கான கட்டணம். அது மட்டும்தான் செலவு என்று நினைத்துப் போகிறவர்கள் கவுண்டரில் முழிப்பார்கள். பேச்சுக்குக் கிரீன் ஃபீ 100 வெள்ளி என்று வைப்போம். மைதானத்துக்குள் ஓட்டிப் போகும் பக்கி வண்டி இரண்டு பேருக்கு ஒன்று, அதில் உங்கள் பங்கு 50. ஆயிற்றா 150? அதன் மேல் சேவை வரி. கோல்ஃபுக்கு அது 6 விழுக்காடாக இருந்தது, 2024 மார்ச் 1 முதல் 8 ஆகிவிட்டது. 12 வெள்ளி. மொத்தம் 162. சில இடங்களில் காப்புறுதி என்று இன்னும் சில வெள்ளி. பை தூக்கி உதவும் கேடி கட்டாயம் என்றால் அது தனி, ஆட்டம் முடிந்ததும் கேடி கையில் வைக்கும் காசு தனி. நூறு வெள்ளி ஆட்டம் இருநூற்றை எட்டிப் பார்ப்பது இப்படித்தான்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது பக்கி. மூன்று பேராகப் போனால் மூன்றாவது ஆள் ஒரு பக்கியை முழுசாக எடுக்க வேண்டிவரும், பங்குக்கு ஆள் இல்லை. அதனால் இரண்டு, இல்லையென்றால் நாலு. மூன்று பேர்தான் தேறினார்கள் என்றால், வேறு யாராவது தனி ஆள் இருந்தால் எங்கள் ஃப்ளைட்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) சேர்த்துவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஃப்ளைட்டுக்கு ஆள் சேர்க்கிற டீம்பிள்ஸ் போன்ற செயலிகளும் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஆளோடு நாலு மணி நேரம் ஆடுவதா என்று தயங்குவார்கள். எனக்கென்னவோ, தெரியாத ஆள் ஒருவர் கூட இருந்தால்தான் எங்கள் லோரிக்காரர் கெட்ட வார்த்தை பேசாமல் ஆடுகிறார்.

கிரீன் ஃபீயும் பக்கியும் வரியும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. போனில் கேட்கும்போது "எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்க வேண்டும். "கிரீன் ஃபீ எவ்வளவு?" என்று கேட்டால் கிரீன் ஃபீயைத்தான் சொல்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. மூத்த குடிமக்களுக்குச் சாதாரண நாளில் தனி விலை தருகிற இடங்கள் உண்டு, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். எங்கள் ஆசிரியர் முதல் தடவை அந்தச் சலுகை கிடைத்தபோது சந்தோஷப்படவில்லை, "என்னைப் பார்த்தா அவ்வளவு வயசா தெரியுது?" என்று கவுண்டர்ப் பிள்ளையிடமே கேட்டார்.

நேரத்துக்கு வருகிறேன். எனக்குக் கேட்டால் பிற்பகல் ஆட்டம்தான் சரி. அதற்கு நம் ஊர்க் கடிகாரமே ஒத்தாசை செய்கிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. பினாங்கு தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய ஒன்று இருபதுக்கு. காலையில் ஏழு மணி தாண்டியும் இருட்டாக இருப்பதற்கு நாம் அலுத்துக்கொள்கிறோம், ஆனால் அந்த இழப்பைச் சாயங்காலம் திருப்பித் தந்துவிடுகிறது. ஜூலையில் சூரியன் மறைய 7.40 ஆகும். சீக்கிரம் இருட்டும் நவம்பரில்கூட ஏழு மணிவரை வெளிச்சம் உண்டு. நாலு பேர் கொண்ட ஒரு ஃப்ளைட் 18 குழியை முடிக்க நாலு, நாலரை மணி நேரம். ஆக, இரண்டரைக்கு டீ எடுத்தால், அதாவது முதல் பந்தை அடித்தால், வருஷம் முழுக்க முடித்துவிடலாம். ஜூலை மாதிரி மாதங்களில் மூன்றுக்குக்கூட எடுக்கலாம். முதல் ஆறு குழி வெயில் மண்டையைப் பிளக்கும், மறுப்பதற்கில்லை. ஐந்தரைக்கு மேல் செம்பனை நிழல் ஃபேர்வே புல்வெளியில் நீள ஆரம்பித்ததும் அதே மைதானம் வேறு மைதானமாகிவிடும்.

கிழமை விஷயத்தில் இன்னும் சில. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் ஆட்டம் தொடங்கும் முதல் டீயில் கூட்டம் குறைவாக இருக்கும். அந்த இடைவெளி எங்களுக்குப் பலமுறை வாய்த்திருக்கிறது. ரமலான் மாதத்தில் பகல் ஆட்டக்காரர்கள் குறைவார்கள், பல மைதானங்கள் சிறப்பு விலை போடும். அந்த மாதத்தில் போகிறவர்கள், நோன்பிருக்கும் ஊழியர்கள் நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை நினைவில் வைத்து ஆட்டத்தை இழுத்தடிக்காமல் முடிப்பது மரியாதை. கெடாவுக்குள் போகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம்: அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலை நாள். ஆனால் கோல்ஃப் மைதானத்தின் விலைப் பலகை மாநில நாட்காட்டியைப் பார்க்கிறதா, பினாங்கிலிருந்து வரும் வாடிக்கையாளரைப் பார்க்கிறதா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதே மாதிரி பொது விடுமுறை. தைப்பூசம் பினாங்கில் விடுமுறை, ஜூலை 7 ஜோர்ஜ்டவுன் பாரம்பரிய நாளும் விடுமுறை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமையாகவே இருந்தாலும் வாரக்கடைசி விலைதான் கேட்பார்கள். (தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகாமல் கோல்ஃப் ஆடப் போகிறவர்களுக்கு விலை ஏறினால் எனக்கு வருத்தம் இல்லை.)

சரி, பிற்பகல் ஏன் மலிவு? வெயில் ஒரு காரணம், மழை இன்னொரு காரணம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். ஜனவரி, பிப்ரவரியில் புல்லே காய்ந்து கிடக்கும். இடியோடு கூடிய மழைக்குப் பிடித்த நேரம் பிற்பகலும் சாயங்காலமும். அப்படியானால் காலையில் ஆடினால் தப்பிக்கலாமா என்றால், அதுவும் நிச்சயம் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராவிலிருந்து கிளம்பும் புயல்காற்று மழை மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் நம் கரையில்தான் வந்து இறங்கும். ஆறு மணிக்கு எழுந்து பை எல்லாம் காரில் ஏற்றியபின் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுவதைப் பார்ப்பதற்கு, மத்தியானம் வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது மேல்.

மழை பெய்தால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பக்கியைப் புல்லில் இறக்க விடமாட்டார்கள், தார்ப்பாதையிலேயே ஓட்டச் சொல்வார்கள். கேட்க சாதாரணமாக இருக்கும். உங்கள் பந்து பாதைக்கு எதிர்ப்பக்கம் ஐம்பது கெஜம் தள்ளிக் கிடக்கும். எந்த மட்டை தேவைப்படும் என்று இங்கிருந்தே ஊகித்து மூன்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். அங்கே போனதும் நாலாவதுதான் வேண்டியிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் இது. நாலரை மணி நேர ஆட்டம் ஐந்தரை ஆகும், வெளிச்சம் போய்விடும். அதனால் முந்தின நாள் மழையா என்று கேட்பதோடு நிற்காமல், தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வடியும் என்பதைக் கவனித்து வைத்துக்கொள்வது நல்லது. பள்ளத்தில் இருக்கும் மைதானம் ஒரு மழைக்கு இரண்டு நாள் ஊறிக் கிடக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று அன்றைக்குப் போனால் பந்து விழுந்த இடத்திலேயே சேற்றில் புதைந்துவிடும். பங்கர் என்ற மணல் பள்ளம், தண்ணீர்ப் பகுதி தவிர மற்ற இடத்தில் அப்படிப் புதைந்த பந்தை எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, அபராதம் இல்லை. துடைத்துத் துடைத்துத் துண்டுதான் பாழாகும்.

இரண்டாவது, மின்னல். நீளமாக ஒரே சங்கு ஊதினால் உடனே நிறுத்த வேண்டும். இந்தக் குழியை முடித்துவிட்டுப் போகிறேன், பந்தைக் குழிக்குள் உருட்டித் தள்ளும் பட்டிங் மட்டும்தான் பாக்கி என்கிற பேச்சே கிடையாது. இரண்டு முறை குறுகலாக ஊதினால் மறுபடி ஆடலாம். சங்கு ஊதாவிட்டாலும் மின்னல் ஆபத்து இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்களாக நிறுத்தவும் விதியில் இடம் உண்டு. இரும்புக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திறந்த வெளியில் நிற்கிறோம் என்பதை லோரிக்காரருக்கு யாராவது எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அப்படி நிறுத்திவிட்டால் பணம்? இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இத்தனை குழிக்குள் நின்றால் இன்னொரு நாள் வந்து ஆடச் சீட்டு தருவோம் என்று ஒவ்வொரு இடமும் ஒரு கணக்கு வைத்திருக்கும். ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், நாலைந்து குழியிலேயே இடி இறங்கித் திரும்பி வந்தோம். ஒரு மணி நேரம் கேன்டீனில் காத்திருந்தோம், மழை விடவில்லை. கவுண்டரில் கேட்டால், நீங்கள் வாங்கியது சலுகை விலை, சலுகை விலைக்குச் சீட்டு கிடையாது என்றார்கள். அந்த விவரம் ரசீதின் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும் அளவில் அச்சாகியிருந்தது. ஆசிரியர் அதை வாசித்துவிட்டு எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பக்கம் நாங்கள் இப்போது போவதில்லை.

விலையும் நேரமும் ஒத்து வந்தபிறகுதான் எந்த மைதானம் என்ற கேள்வி. இங்கே என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது: கூட்டத்தில் யார் ரொம்பச் சுமாராக ஆடுகிறாரோ, அவர் முடிக்கக்கூடிய மைதானத்தைத்தான் எடுக்க வேண்டும். நன்றாக ஆடுகிறவருக்கு எந்த மைதானமும் சரிதான். புதிதாக வந்தவர் பள்ளத்தைத் தாண்டி நூற்றைம்பது கெஜம் தூக்கி அடித்தால்தான் மறுபக்கம் சேரும் என்கிற குழிகளை வரிசையாகச் சந்தித்தால், பந்து தீரும், பொறுமை தீரும், பின்னால் வரும் ஃப்ளைட் இடுப்பில் கை வைத்து நிற்பது அவர் முதுகில் தெரியும். அப்புறம் அவர் கூப்பிட்டாலும் வரமாட்டார், உங்களுக்குப் பக்கி பங்குக்கு ஆள் குறையும்.

மதிப்பெண் அட்டையில் ஸ்லோப் என்று ஓர் எண் இருக்கும். 55இல் தொடங்கி 155 வரை போகும், நடுவாக வைத்திருப்பது 113. அது அதிகமாக இருந்தால், சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் கெட்டிக்காரருக்கு இருப்பதைவிட எவ்வளவோ கஷ்டம் என்று அர்த்தம். மைதானம் அழகா இல்லையா என்பதை அது சொல்லாது. போவதற்கு முன் அந்த எண்ணைப் பார்த்தால் தம்பிக்குத் தாங்குமா என்று ஓரளவு தெரிந்துவிடும். இன்னொன்று, எந்த டீயிலிருந்து, அதாவது எந்தத் தொடக்க மேடையிலிருந்து, அடிப்பது என்பது. ஆண்கள் என்றால் பின்னால் இருக்கும் நீல டீக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? வெள்ளைக்கு வாருங்கள், அதற்கும் முன்னால் வந்தாலும் யாரும் அடிக்கப்போவதில்லை. லோரிக்காரர் மட்டும் நீலத்தில் நின்று அடித்துவிட்டு, பந்தைத் தேடிப் பக்கத்துக் குழிக்குப் போவார்.

புல்லையும் பாருங்கள். மலிவான மைதானங்களில் ஃபேர்வேயில் பெரும்பாலும் கௌகிராஸ்தான், நம் வீட்டு முன்னால், பள்ளித் திடலில், சாலையோரத்தில் இருக்கும் அதே அகல இலைப் புல். பணக்கார மைதானத்து ஜோய்சியா மாதிரி பாய் விரித்தாற்போல் இருக்காது. ஆனால் புதிதாக ஆடுகிறவருக்கு ஒரு வசதி, காய்ந்த நாளில் பந்து இலையின் மேல் ஏறி நிற்கும், அடியில் மட்டை நுழைய இடம் இருக்கும். நனைந்தால் கதை வேறு, மட்டையின் கழுத்தைப் பிடித்து இழுக்கும். ஃபேர்வேயில் அங்கங்கே வழுக்கை விழுந்திருந்தால் எனக்குக் கவலை இல்லை, பந்தை ஒரு சாண் நகர்த்தி வைத்து ஆடுவோம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லான கிரீன் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கிரீனைப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெருநிலத்து மைதானம் ஒன்றில் கேடியாக இருக்கும் அக்கா. பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி, முழுக்கைச் சட்டை. ஆறடி தூரத்தில் பட் செய்ய நான் குனிந்தபோது, "தம்பி, பந்தைப் பாக்காதீங்க, புல்லைப் பாருங்க. இங்கேருந்து பாத்தா பளபளன்னு தெரியுதா? அப்போ புல்லு அந்தப் பக்கம் படுத்திருக்கு. ஓடிரும். சும்மா தொட்டு விடுங்க" என்றார். அப்புறம் குழிக்குப் பக்கத்தில் கூப்பிட்டுப்போய் விளிம்பைக் காட்டினார். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது மாதிரி சுத்தமாக இருந்தது, மறுபக்கம் புல் முனை பிய்ந்து சிலும்பலாக இருந்தது. சிலும்பல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் புல் வளர்கிறது. நம் நாட்டுக் கிரீன்களில் இருக்கும் பெர்முடா புல்லுக்கு இது முக்கியம். மங்கலாகத் தெரிந்தால் எதிர்ப்புல், கொஞ்சம் பலமாகவே தள்ள வேண்டும். கேடி கட்டாயம் என்றால் செலவு கூடுகிறதே என்று முணுமுணுப்பவர்களில் நானும் ஒருவன். அந்த அக்கா இருந்தால் முணுமுணுக்க மாட்டேன்.

கிரீனைப் பற்றிப் பேசும்போது மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வருஷத்தில் சில தடவை கிரீனில் துளை போட்டு மணல் நிரப்புவார்கள். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக வேண்டும், செய்யாவிட்டால் கிரீன் செத்துவிடும், நல்ல காரியம்தான். ஆனால் செய்து முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு அதில் பந்து துள்ளித் துள்ளித்தான் போகும். சில நேரம் திடீர்ச் சலுகை விலை வருவதற்குக் காரணம் இதுதான், விளம்பரத்தில் இருக்காது. போனில் "கிரீன்ல துளை போட்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள். கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள். கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்கள். போட்டிருந்தாலும் விலை பாதி என்றால் நான் போவேன், அன்றைக்குப் பட்டிங்கைக் கணக்கில் எடுக்காமல் கிரீனில் ஏறியதும் இரண்டு அடி என்று எழுதிக்கொள்வோம்.

உடை விஷயம் சுருக்கமாக: காலர் உள்ள சட்டை, ஜீன்ஸ் வேண்டாம், இரும்பு ஆணிக் காலணி வேண்டாம். மட்டை வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அடிக்கடி ஆடப் போகிறீர்கள் என்றால் பழைய செட் ஒன்றை வாங்கிவிடுவது மலிவு.

ஆட்டம் இழுக்காமல் இருக்க எங்களுக்குள் சில ஏற்பாடு. தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் விதிப்படி மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்தாக இருந்தது. நாங்கள் அதையும் முழுசாக எடுப்பதில்லை, புதருக்குள் பாம்பு இருக்கும். கொடியைப் பிடுங்காமலே பட் செய்யலாம், அதுவும் 2019இல் வந்த மாற்றம், நேரம் மிச்சம். நாலு அடியில் முடிக்க வேண்டிய பார் 4 குழியில் எட்டு அடி ஆகிவிட்டால் பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டியது. ஹேண்டிகேப் பார்க்கிற ஆட்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். நாங்கள் ஆடுவது பந்தயமாக ஒரு தே தாரிக் தேநீருக்கு.

கடைசியாகப் பந்து. புதுப் பந்து வாங்காதீர்கள். குளத்திலிருந்து எடுத்துக் கழுவிய பந்து பை பையாகக் கிடைக்கும், கேடிகளிடமே இருக்கும், நம் அடிக்கு அது போதும். லோரிக்காரர் டீ எடுப்பதற்கு முன்னால் ஒரு பை வாங்குவார். ஆசிரியர் போன மாதம் ஆடிய அதே பந்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் துடைப்பார். பத்தாவது குழியில் லோரிக்காரர் வந்து, "சார், ஒரு பந்து இருந்தா குடுங்க" என்று நிற்பார். "இருக்கிறது ஒன்னுதான்யா" என்பார் சார்.